கழித்தல்ல பத்து கூடிக்கிட்டே வந்தது: என் அனுபவம்

மூணாம் வகுப்பு எடுக்கிறேன். தமிழ்நாடு அரசோட தொடக்க வகுப்புத் திட்டமான எண்ணும் எழுத்தும்ல, பசங்க கத்துக்கிட்ட அளவ வச்சுப் பிரிக்கிற மொட்டு, மலர்னு ரெண்டு நிலையிலயும் பசங்க இருக்காங்க. 42-17 போட்டா பாதிப் பேர் 35னு எழுதுறாங்க, 63-28க்கு 45. ஒன்றாம் இடம் சரியா இருக்கு, பத்தாம் இடத்துல மட்டும் ஒண்ணு கூட.

மொதல்ல கவனக்குறைவுனு நெனச்சு தினமும் இருபது கணக்கு குடுத்தேன், அப்புறம் கட்டம் போட்ட நோட்டு, பத்தாம் இடத்த அடிச்சு மேல சின்னதா எழுதச் சொன்னேன், அடிப்பாங்க ஆனா கழிக்கும்போது பழைய எண்ணையே எடுப்பாங்க. ஒரு வாரம் போச்சு.

அப்புறம் ஒரு பொண்ணுகிட்ட சத்தமா சொல்லிக்கிட்டே போடச் சொன்னேன். "பக்கத்து வீட்டுல கடன் வாங்கியாச்சு, பன்னெண்டுல ஏழு போனா அஞ்சு, வாங்கின கடன திருப்பிக் குடுத்தாச்சு, நாலுல ஒண்ணு போனா மூணு"ன்னா. கடன் வாங்கினா திருப்பிக் குடுக்கணும்ல டீச்சர்னு என்னையே கேட்டா! அவ வீட்டுல அப்படித்தான் சொல்லிக் குடுத்திருப்பாங்க, தப்பு 'கடன் வாங்கு'னு சொல்லிக் குடுத்த என் வார்த்தையிலதான்.

அன்னைக்கே 'கடன்'ங்கிற வார்த்தைய விட்டுட்டேன். ஈர்க்குச்சிய பத்துப் பத்தா எண்ணி ரப்பர்பேண்ட் போட வச்சேன். நான் கட்டிக் குடுத்தா அத ஒரே பொருளாத்தான் பாக்குறாங்க, அதனால அவங்க கையாலயே கட்டணும். பத்தலைன்னா "ஒரு கட்டப் பிரி", அவ்ளோதான் பேச்சு. பிரிச்ச ரப்பர்பேண்ட கையில மாட்டிக்கச் சொன்னேன், கட்டு ஒண்ணு கொறஞ்சது கண்ணுக்குத் தெரியும். மூணாம் நாள் குச்சி இல்லாமலே 25 வந்துருச்சு.