கற்பனைக் கோதிக் கட்டடங்களை எட்சிங்கில் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்புத் தகட்டின் பூச்சில் ஊசியால் கீறிய கோடுகளை அமிலத்தால் அரித்து, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி அச்செடுப்பதே எட்சிங். இல்லாத ஒரு தேவாலயத்தை அப்படித் தகட்டில் எழுப்பும்போது கல்லின் எடையை மறந்துவிடுவதுதான் மிகப் பெரிய தவறு. கோதிக், அதாவது இடைக்கால ஐரோப்பாவின் கூர்வளைவுப் பாணிக் கட்டடத்தின் கல் கூரை, சுவர்களை எப்போதும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த விசையை வாங்கித் தரைக்கு இறக்கவே வெளியே முட்டுத்தூண்களும், அவற்றிலிருந்து சுவரை நோக்கி நீளும் வளைவுகளும் கட்டப்பட்டன. முட்டுத்தூணின் தலையில் நிற்கும் கூம்புகூடத் தன் எடையால் அதை நிலைநிறுத்துகிறது. இவற்றை வெறும் அலங்காரம் என்று எண்ணிக் கண்ட இடத்தில் ஒட்டினால், கோடுகள் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் கண் நம்பாது. பிரான்சின் போவே நகரில் ஏறத்தாழ 48 மீட்டர் உயரத்தில் அமைத்த கூரை வளைவுகள் 1284-இல் இடிந்து விழுந்தன என்பதை, இன்னும் உயரமாக வரையத் துடிக்கும் கை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, மாதிரிகளைச் சரிபார்க்காமல் எடுத்தாள்வது. பிரெஞ்சு ஓவியர் சார்ல் மெரியோன் 1853-இல் எட்சிங்காக வரைந்த, கன்னத்தில் கைவைத்துப் பாரிஸைப் பார்த்திருக்கும் நோத்ர தாம் தேவாலயத்துப் பூதச் சிலை இடைக்காலத்தது அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-டியூக் செய்த புதுப்பிப்பில் வைக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிரானேசி எட்சிங்கில் வரைந்த கற்பனைச் சிறைகளையும் பலர் இடைக்காலமாகக் கொள்கிறார்கள். அவற்றின் பருத்த அரைவட்ட வளைவுகள் ரோமானியக் கட்டடக்கலையைச் சேர்ந்தவை.

தகட்டில் வரைந்தது அச்சில் இடவலம் மாறி விழும். கட்டடமே கற்பனைதானே, மாறினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பலிபீடம் பெரும்பாலும் கிழக்கில் இருப்பதால், அதை நோக்கி நிற்பவருக்கு, ஐரோப்பாவில் தெற்கிலிருந்து விழும் நண்பகல் வெயில் வலப்பக்கச் சன்னல்கள் வழியே வர வேண்டும். அச்சில் அப்படி விழ, தகட்டில் அதை இடப்பக்கமாக வரைய வேண்டும்.

அமிலத்தில் எல்லாக் கோடுகளையும் ஒரே நேரம் அரிக்க விடுவது, கண்முன் நிற்கும் தூணையும் தொலைவிலுள்ள கோபுரத்தையும் ஒரே தளத்தில் ஒட்டிவிடும். தொலைவுக் கோடுகள் மெல்ல அரிபட்டதும் தகட்டை எடுத்துக் கழுவி, உலர்த்தி, அவற்றின்மேல் வார்னிஷ் பூசி மூடிவிட்டு, முன்பகுதி மட்டும் மேலும் அரிபடத் தகட்டை மீண்டும் அமிலத்தில் இறக்குவதே முறை. நைட்ரிக் அமிலமானால் கோடுகளின்மேல் சிறு குமிழிகள் முளைக்கும். அவற்றை இறகால் வருடி நீக்காவிட்டால் கோடு சீராக அரிபடாது.

நிலவறை இருட்டுக்காக நெருக்கமாகக் குறுக்குக் கோடு போடுபவர் அரிப்பு நேரத்தில் பேராசைப்படக் கூடாது. கோடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய செம்பு வரம்பு இடிந்துவிட்டால் மையைப் பிடித்து வைக்க அங்கே பள்ளங்கள் இருக்காது. துணியால் துடைக்கும்போது மை வழித்துக்கொண்டு போய், கரிய இருட்டு வேண்டிய இடம் வெளிறிய சாம்பல் திட்டாக அச்சேறும்.