கொழும்பு ஈரப்பதத்தில் காமா உணரியைச் சோதிப்பது

காமாக் கதிர் பட்டால் ஒளிரும் சீசியம் அயடைட்டுப் பளிங்கு, அதில் ஒட்டி அந்த ஒளியை மின்துடிப்பாக்கும் சிலிக்கன் ஒளிப்பெருக்கி: சிறு செய்மதிக்கு ஏற்ற சிக்கனச் சோடி இது. முதலில் வெளிச்சக் கசிவு. உணரியைக் கறுப்புப் பெட்டியில் மூடி, கைபேசி டோர்ச்சைச் சுற்றிலும் அடியுங்கள். துடிப்புகளின் எண்ணிக்கை கூடினால் டேப்பை மறுபடி சுற்ற வேண்டியதுதான்.

மின்செலவை அளக்க, மின்கலத்துடன் தொடராக 1 ஓம் தடையி போதும். அதில் 1 மில்லிவோல்ட் விழுந்தால் 1 மில்லிஅம்பியர். மல்டிமீட்டர் சராசரியையே காட்டும். கணநேர உச்சங்களுக்கு ஒசிலோஸ்கோப் வேண்டும்.

வெப்பநிலைதான் பெரிய தலையிடி. ஏறத்தாழ 10 பாகை கூடினால் ஒளிப்பெருக்கியின் இருட்டு மின்னோட்டம் (வெளிச்சமே இல்லாதபோதும் ஓடுவது) இரட்டிக்கும், பெருக்கமோ குறையும். எந்தச் சக்தியில் எத்தனை துடிப்பு என்று காட்டும் வரைபடத்தில், சோதனை மூலமான சீசியம்-137இன் 662 கிலோ இலத்திரன்வோல்ட் உச்சி இடப்பக்கம் நகரும். ஒவ்வொரு 5 பாகைக்கும் உச்சியின் இடத்தைக் குறித்து, அது நகராதபடி ஒளிப்பெருக்கியின் மின்னழுத்தத்தைத் திருத்துங்கள்.

குளிர்ச் சோதனைக்கு முன் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாமல் அடைக்கவும். 30 பாகை, 80 வீத ஈரப்பதத்தில் பனிபடுநிலையே (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 26 பாகை! குளிர்ந்த பெட்டியை உடனே திறந்தால் பளிங்கு வியர்க்கும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுங்கள்.

கதிர் மூலங்களைக் கையாள அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். வெறும் எண்ணிக்கைச் சோதனைக்கு ஒரு கிலோ பொட்டாசியம் குளோரைட்டுப் பசளை போதும்; இயற்கையாகவே கதிர்வீசும் பொட்டாசியம்-40 அதில் சிறிதளவு உண்டு. ஆனால் அதன் 1461 கிலோ இலத்திரன்வோல்ட் உச்சியைச் சின்னப் பளிங்கில் ஒரு மணிநேரத்தில் எதிர்பார்க்காதீர்கள்.