பேனாவைப் பார்க்காமல் டேப்லெட் வாங்காதீர்கள்

கீபோர்டைக் கழற்றி மாட்டும் டேப்லெட் வாங்க நினைப்பவர்களின் கேள்விகள் எப்போதும் ஒரே வரிசையில்தான் வரும்: எந்த ப்ராசஸர், எத்தனை ஜிபி, எத்தனை அங்குலம். கையால் குறிப்பெழுதத்தான் வாங்குகிறேன் என்பவர்கூட பேனாவைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பார். பலர் அதையும் கேட்பதில்லை. இந்த வகைக் கருவிகள் வந்த புதிதில் எல்லாரும் சறுக்கிய அதே இடத்தில், இன்றைக்கு வாங்குபவர்களும் சறுக்குவதைப் பார்ப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. பட்ஜெட் போடுங்கள், உத்தரவாதம் பாருங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்குள் போகவில்லை.

"பேனா சப்போர்ட் உண்டு" என்ற வரியை நம்புவது

அதிகப் பணத்தை விழுங்கும் தவறு இது. பெரும்பாலும் நடப்பது இப்படி: டேப்லெட் வாங்கியாகிவிட்டது, பெட்டியில் பேனா இல்லை. அந்த நிறுவனத்தின் சொந்தப் பேனாவுக்கு விலை கூடுதல். பாதி விலைக்கு வேறொரு பேனா கிடைக்கிறது. அட்டையில் 4096 அழுத்த நிலைகள் (எவ்வளவு அழுத்தி எழுதுகிறோம் என்பதைப் பேனா பிரித்தறியும் படிகள்) என்று போட்டிருக்கிறது. வாங்கி வந்து ப்ளூடூத்தில் இணைத்தால் இணைந்துவிடுகிறது. மேல் பொத்தானை அழுத்தினால் மைக்ரோசாஃப்டின் குறிப்பெழுதும் ஆப்பான ஒன்நோட் திறக்கிறது. ஆனால் முனையைத் திரையில் வைத்து இழுத்தால் ஒரு கோடுகூட விழவில்லை. வாங்கியவர் பேட்டரியை மாற்றுகிறார், விண்டோஸை அப்டேட் செய்கிறார், டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுபடி போடுகிறார். சனி, ஞாயிறு இரண்டும் இதிலேயே போய்விடுகின்றன. பேனாவிலும் பழுதில்லை, டேப்லெட்டிலும் பழுதில்லை. அந்தத் திரைக்கு அந்தப் பேனா சேராது, அவ்வளவுதான்.

ப்ளூடூத் இணைந்தது எதற்கும் சான்று இல்லை. விண்டோஸ் டேப்லெட்டுகளின் பேனாக்களில் ப்ளூடூத் இருப்பது மேல் பொத்தான் போன்ற கூடுதல் வசதிகளுக்காக. எழுத்து விழுவது பேனா முனைக்கும் திரைக்கும் இடையே நேரடியாக நடக்கும் சமிக்ஞையால். அந்தச் சமிக்ஞையில் பல வகைகள் உண்டு. ஒரு வகையின் பேனா இன்னொரு வகைத் திரையில் எழுதாது.

முதல் வகை, டிஜிட்டல் பேனாக்கள் செய்யும் வாகோம் நிறுவனத்தின் இஎம்ஆர். திரைக்குப் பின்னால் இருக்கும் சென்சார் பலகை ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு பதில் அனுப்பும். அதனால் எழுதுவதற்குப் பேட்டரியே வேண்டாம். சாம்சங்கின் டேப் எஸ் வரிசையில் வரும் எஸ் பென் இந்த வகை. இரண்டாவது ஏஇஎஸ். இதுவும் வாகோமுடையதுதான், ஆனால் பேனாவுக்குள் பேட்டரி உண்டு. தொடுதிரையின் மின்முனைகளே சமிக்ஞையை வாங்கிக்கொள்கின்றன. "பேனாவும் வாகோம், திரையும் வாகோம், அப்புறம் ஏன் எழுதவில்லை?" என்று கேட்பவர்கள் விழுந்த குழி இதுதான். மூன்றாவது மைக்ரோசாஃப்டின் எம்பிபி. என்-ட்ரிக் நிறுவனத்தின் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. நான்காவது யுஎஸ்ஐ, பெரும்பாலும் குரோம்புக்குகளிலும் அவற்றின் டேப்லெட் வடிவங்களிலும் இருக்கும். ஆப்பிள் பென்சில் இவை எதிலும் சேராது. ஐபேடில் மட்டும்தான் எழுதும்.

ஒரே நிறுவனம், ஒரே பெயர் என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் ப்ரோ டேப்லெட்டின் முதல் இரண்டு தலைமுறைகளில் இருந்தது வாகோமின் இஎம்ஆர். 2014இல் வந்த சர்ஃபேஸ் ப்ரோ 3 என்-ட்ரிக்குக்கு மாறியது. பழைய பேனா புதிய திரையில் எழுதவில்லை. 2018இல் வந்த இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில், 2024இல் வந்த எம்4 ஐபேட் ப்ரோவில் வேலை செய்யாது. யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலில் அழுத்தத்தை உணரும் வசதியே கிடையாது. சாம்சங்கில் இப்போதைய டேப் எஸ் வரிசைக்கு எஸ் பென் உண்டு, டேப் ஏ8, ஏ9 போன்றவற்றுக்குக் கிடையாது. பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

இதைவிட மோசமானது, பேனா சென்சாரே இல்லாத திரையை வாங்கிவிடுவது. விரலால் தொட்டால் வேலை செய்கிறது என்பதற்காகப் பேனாவும் எழுதும் என்று அர்த்தமில்லை. அப்படிப்பட்ட திரையில் ரப்பர் முனையோ, தட்டு முனையோ வைத்த சாதாரண ஸ்டைலஸ்தான் செல்லும். திரையைப் பொறுத்தவரை அதுவும் ஒரு விரல்தான். கையை ஊன்றினால் கையும் சேர்ந்து கோடு போடும். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் மணிக்கட்டு வலிக்கும், ஏனென்றால் கையை அந்தரத்திலேயே வைத்திருக்க வேண்டும். எரிச்சல் வருவது இங்கேதான். விளம்பரத்தில் இதற்கும் "ஸ்டைலஸ் சப்போர்ட்" என்றே போடுகிறார்கள். பொய் என்று சொல்ல முடியாத, ஆனால் வாங்குபவரை முழுக்க ஏமாற்றுகிற ஒரு வரி.

விண்டோஸ் கருவி என்றால் சரிபார்க்க அரை நிமிடம் போதும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் பக்கத்தைத் திறந்து, "பென் அண்ட் டச்" என்ற வரியைப் பாருங்கள். பேனா, தொடுதல் இரண்டையும் குறிப்பிட்டு 10 தொடுபுள்ளிகள் என்று இருந்தால் திரையில் பேனா சென்சார் இருக்கிறது. தொடுதலை மட்டும் குறிப்பிட்டிருந்தால் எழுதும் ஆசையை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பழைய கருவியை இன்னொருவரிடம் வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன் இந்த வரியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சென்சார் எந்த வகை என்பதை அந்த வரி சொல்லாது. அதற்கு, கருவியின் முழு மாடல் எண்ணை வைத்து அந்த நிறுவனமே வெளியிட்ட துணைக்கருவிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் பெயர் உள்ள பேனாவை வாங்குங்கள். வாகோமின் பேம்பூ இங்க் (Bamboo Ink) போல ஏஇஎஸ், எம்பிபி இரண்டிலும் எழுதும் பேனாக்கள் உண்டு. அதில் பக்கத்துப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் வகை மாறும். அதுவும்கூட இஎம்ஆர் திரையில் எழுதாது.

கடையில் ஒரு கையெழுத்து போட்டுப் பார்த்துத் திருப்தியாவது

கையெழுத்தை எல்லாரும் வேகமாகத்தான் போடுவார்கள். வேகமான கோடு எந்தத் திரையிலும் அழகாகவே விழும். குறை தெரிவது மெதுவாக எழுதும்போதுதான்.

ஸ்கேலைத் திரையில் சாய்வாக வைத்து, 10 செ.மீ. நீளக் கோட்டை ஐந்து விநாடி எடுத்து இழுங்கள். பக்கத்தில் இன்னும் நான்கைந்து கோடுகள். கோடு படிக்கட்டு மாதிரியோ அலை மாதிரியோ நெளிந்தால், சிறிய எழுத்துகளும் அப்படித்தான் நெளியும். மின்முனை வலையை நம்பும் ஏஇஎஸ், எம்பிபி வகைகளில், அதிலும் பழைய தலைமுறைகளில், இந்தக் குறை அதிகம். இஎம்ஆரில் நடுப்பகுதி நன்றாக இருக்கும். ஓரங்களில் முனை ஓரிடமும் மை ஓரிடமுமாக விலகலாம். அதனால் நான்கு மூலைகளிலும் எழுதிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தமிழ் எழுத்து. ஆங்கிலத்தில் நாலு வார்த்தை கிறுக்கினால் இது தெரியவராது. 5 மி.மீ. உயரத்தில் "கற்றுக்கொண்டிருக்கிறார்கள்" என்று எழுதுங்கள். மெய்யெழுத்துக்கு வைக்கும் புள்ளி ஒவ்வொன்றும் விழுகிறதா என்று எண்ணுங்கள். கோடு விழ எவ்வளவு அழுத்தம் தேவை என்பது பேனாவுக்குப் பேனா மாறும். அழுத்தம் அதிகமாகக் கேட்கும் பேனாவில் முதலில் காணாமல் போவது இந்தப் புள்ளிகள்தான். கூடவே ழ, ஞ, ணை எழுதி, சுழிகள் அடைபடாமல் திறந்து நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

உள்ளங்கையை நன்றாக ஊன்றி, பேனாவைத் திரையிலிருந்து முழுதாக எடுத்து, மறுபடி வைத்து எழுதுங்கள். பக்கம் நகர்ந்தாலோ கைப்பக்கம் கோடு விழுந்தாலோ, பேனா எழுதும்போது தொடுதலை ஒதுக்கும் வசதி பேனா செட்டிங்ஸில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் போட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள்.

கடைசியாக, சார்ஜரைச் செருகிய நிலையில் அதே சாய்கோடுகள். தரமற்ற சார்ஜரின் மின் இரைச்சல் தொடுதிரைக்குள் நுழைந்தால் கோடு நடுங்கும். பேனாவைக் குறை சொல்பவர்கள் பலர் சார்ஜரைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை.

முனைக்கும் மைக்கும் இடையே தெரியும் இடைவெளியையும் கவனியுங்கள். கண்ணாடியும் திரையும் ஒட்டாமல் நடுவே காற்றிடைவெளி விட்ட திரைகளில், எழுத்து ஒரு அடுக்குக் கீழே விழுவதுபோல் இருக்கும். 10ஆம் தலைமுறை ஐபேட் அப்படிப்பட்டது. சிலர் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள், சிலருக்குக் கடைசிவரை பழகாது.

அழுத்த நிலைகளை எண்ணுவது

குறிப்பெழுத 1024 நிலைகளே தாராளம். 4096 ஓவியருக்கு.

அங்குலத்தைப் பார்த்து விகிதத்தை விடுவது

நிமிர்த்திப் பிடித்து எழுதும்போது முக்கியம் திரையின் அகலம். 13.3 அங்குலத் திரை 16:9 விகிதத்தில் (நீண்ட பக்கத்துக்கும் குறுகிய பக்கத்துக்கும் உள்ள விகிதம்) இருந்தால் நிமிர்த்திய நிலையில் அகலம் சுமார் 16.6 செ.மீ.தான். 12.3 அங்குலத் திரை 3:2 விகிதத்தில் இருந்தால் சுமார் 17.3 செ.மீ. அளவில் சிறியது, எழுத இடம் அதிகம். ஏ4 பக்கத்தின் உயரம் அகலத்தைப் போல் 1.41 மடங்கு; 3:2 அதற்கு மிக அருகில் வருகிறது. 16:9 திரையில் அதே பக்கத்தைத் திறந்தால் மேலும் கீழும் வெறும் பட்டைகள் மிஞ்சும்.

10.5 அங்குல 3:2 திரை ஏறக்குறைய ஏ5 நோட்டுப் புத்தகம். கையில் பிடித்து எழுதுவதற்குச் சுகமான அளவு. ஆனால் அதிலேயே ஏ4 பிடிஎஃபைத் திறந்து ஓரத்தில் குறிப்பெழுத நினைத்தால், ஒவ்வொரு வரிக்கும் பெரிதாக்கிப் பெரிதாக்கி எழுத வேண்டியிருக்கும். பிடிஎஃப் வேலை அதிகம் உள்ளவர்கள் 12 அங்குலத்துக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

கீபோர்டு இல்லாத எடையையும் விலையையும் ஒப்பிடுவது

சர்ஃபேஸ் ப்ரோ 9இன் எடை 879 கிராம் என்பது கீபோர்டு இல்லாமல். மாட்டினால் ஒரு கிலோவைத் தாண்டும். விலையும் அப்படியே: டேப்லெட், கீபோர்டு, பேனா மூன்றையும் கூட்டிய பிறகே லேப்டாப்போடு ஒப்பிடுங்கள்.

மடியில் வைத்து டைப் செய்வது

பின்பக்கத் தாங்குகால் வழுக்கும். மேசை இல்லாமல் வேலை செய்பவருக்கு இந்த வடிவம் சரிவராது.

வேலைக்கான மென்பொருளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

ஆர்ம் வகையைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் சிப் வைத்த விண்டோஸ் டேப்லெட்டுகளில் பேட்டரி நன்றாக நிற்கும், சூடும் குறைவு. கையை ஊன்றி எழுதுபவருக்கு அது உண்மையிலேயே பெரிய சௌகரியம். இன்டெல் சிப்புக்காக எழுதிய சாதாரண மென்பொருள்களை விண்டோஸ் 11 மாற்றி ஓட்டிக்கொள்ளும். ஆனால் டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது. ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்ட டிரைவர் இல்லாவிட்டால் பழைய ஸ்கேனரோ, கையொப்ப யுஎஸ்பி டோக்கனோ, அலுவலக விபிஎன்னோ வேலை செய்யாது. வேலையில் தினமும் தொடும் கருவிகளையும் மென்பொருள்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆர்ம் பதிப்பு உண்டா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஐபேட், ஆண்ட்ராய்டு என்றால் இதே பட்டியல் இன்னும் கறாராக வேண்டும்.

விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும் என்பது அது திறந்து நிற்பதற்கான அளவு. வேலை பார்ப்பதற்கான அளவு வேறு: 8 ஜிபிக்குக் கீழே வேண்டாம், முடிந்தால் 16. இவ்வகைக் கருவிகளில் ரேம் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். பிறகு கூட்ட வழியில்லை. சேமிப்பு இஎம்எம்சி (வேகம் குறைந்த மலிவான சேமிப்பு வகை) என்று இருந்தால், பெரிய நோட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

குறிப்புகளை ஒரே ஆப்பில் அடைத்துவைப்பது

ஓராண்டு எழுதிய பிறகுதான் இது வலிக்கும். சாம்சங் நோட்ஸ், குட்நோட்ஸ், ஒன்நோட் எல்லாம் தங்களுக்கென்று ஒரு ஃபைல் வடிவத்தில்தான் சேமிக்கின்றன. வேறு கருவிக்கு மாறும்போது கையில் மிஞ்சுவது பெரும்பாலும் பிடிஎஃப் மட்டும்தான்.

அதனால் முதல் வாரத்திலேயே மூன்று பக்கம் எழுதி, பிடிஎஃபாக ஏற்றுமதி செய்து, வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். 400 சதவீதம் பெரிதாக்கும்போது எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாக உடைந்தால் அந்த ஆப் எழுத்தைப் படமாக மாற்றிவிட்டது. ஒன்நோட்டில் இன்னொரு சிக்கல்: பக்கத்துக்கு எல்லையில்லை. வலப்பக்கம் நீட்டி எழுதியவை ஏற்றுமதியில் துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். பக்கத் தாளை ஏ4 என்று அமைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். பிடிஎஃபின் மேலேயே எழுதித் திருப்பி அனுப்ப வேண்டிய வேலை என்றால், அந்தப் பிடிஎஃபிலேயே சேமிக்கும் செயலியில் எழுதுங்கள். ஒன்நோட்டுக்குள் போட்டு எழுதினால் எழுத்து ஒன்நோட்டில் இருக்கும், அசல் ஃபைல் வெறுமையாகவே இருக்கும்.

கையெழுத்தை டைப் செய்த எழுத்தாக மாற்றும் வசதியை நம்பி வாங்குகிறீர்கள் என்றால், விளம்பரத்தில் காட்டுவது எந்த மொழியில் என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் கூகுளின் கீபோர்டு ஆப்பான ஜிபோர்டில் தமிழ்க் கையெழுத்து உள்ளீடு உண்டு. எல்லாக் குறிப்பு ஆப்களும் தமிழை அறியாது.

தடித்த கண்ணாடி ஒட்டுவது

திரையைக் காப்பாற்றத்தான் ஒட்டுகிறார்கள், ஆனால் முனை சென்சாரிலிருந்து தள்ளிப்போய், சாய்கோட்டில் இல்லாத நெளிவு புதிதாக வரும். முதலில் ஒட்டாமல் சோதித்து, பிறகு ஒட்டி அதே கோடுகளை இழுத்துப் பாருங்கள். தாள் போல் சொரசொரப்பான படலம் கைக்குப் பிடிமானம் தரும், ஆனால் எழுத்தின் கூர்மை கொஞ்சம் மங்கும், நிப்பும் சீக்கிரம் தேயும். ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்த நிப்பையோ, உள்ளிருக்கும் உலோகம் வெளியே தெரியும் நிப்பையோ அன்றைக்கே மாற்றுங்கள். அதோடு எழுதினால் திரையில் கீறல் விழும். பேனா வாங்கும்போதே அதே மாடலுக்கான உதிரி நிப் ஒரு செட் சேர்த்து வாங்கிவிடுங்கள். மாடல் பழையதாகிவிட்டால் முதலில் கிடைக்காமல் போவது அதுதான்.