சிறிய மென்பொருள் குழுவில் லீன் முறையை நடைமுறைப்படுத்துவது எப்படி

மட்டக்களப்பு நகரிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் மென்பொருள் குழுக்கள், அரிசி ஆலைக்கான கணக்கு, மருந்துக்கடைக்கான பில், கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள நிறுவனத்துக்கான இணையத்தளம் என்று பல வேலைகளை ஒரே நேரத்தில் கையில் வைத்திருப்பது வழமை. நாள் முழுக்க உழைத்தும் எதுவும் சொன்ன நாளில் முடிவதில்லை என்பதே இக்குழுக்களில் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. இதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. தொடங்கப்பட்டு முடியாமல் கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையே காரணம் என்பது என் உறுதியான கருத்து. வாடிக்கையாளருக்குப் பயன் தராத விரயத்தைக் குறைத்து வேலை செய்யும் லீன் முறையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவதும் இந்த இடத்தைத்தான்.

இம்முறையின் வேர் ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கு தைச்சி ஓனோ என்ற பொறியியலாளர் வளர்த்தெடுத்த உற்பத்தி முறை, வாங்குபவருக்குப் பயன் தராமல் நேரத்தையும் பொருளையும் தின்னும் எதையும் விரயமாகக் கருதியது. அந்த விரயங்களை அவர் ஏழாக வகுத்தார். மேரி பாப்பன்டீக், டொம் பாப்பன்டீக் தம்பதியர் 2003இல் அவற்றை மென்பொருளுக்குப் பொருத்தி எழுதினர்: அரைகுறையாக நிற்கும் வேலை, யாரும் கேட்காத வசதி, தேவையற்ற நடைமுறை, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுதல், காத்திருத்தல், தகவலுக்காக அலைதல், பிழை. ஏழையும் ஒரே நாளில் துரத்த வேண்டியதில்லை. முதலாவதைக் கட்டுப்படுத்தினால் மற்றவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்பது தானாகவே தெரியவரும்.

எல்லாவற்றையும் சுவரில் ஏற்றுங்கள்

அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, கேட்கப்பட்டது, செய்துகொண்டிருப்பது, சரிபார்க்க வேண்டியது, வாடிக்கையாளர் பார்வையில் இருப்பது, பாவனைக்கு வந்தது என்று ஐந்து பத்திகள் பிரியுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவில் வந்தது, தொலைபேசியில் சொன்னது, கடைக்குப் போனபோது காதில் விழுந்தது என எந்த வழியாக வந்த வேலையானாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒட்டுத்தாள் எழுதி, அதில் வேலை வந்த திகதியையும் குறியுங்கள். ட்ரெல்லோ போன்ற செயலியிலும் இதைச் செய்யலாம். ஆயினும் எல்லோரும் ஒரே அறையில் இருக்கும் குழுவுக்குச் சுவரே சிறந்தது, ஏனெனில் அதைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்து, நடுவிலுள்ள மூன்று பத்திகளுக்கும் சேர்த்து ஓர் உச்ச எண்ணிக்கையை வையுங்கள். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஆறு என்பது தொடங்குவதற்கு நல்ல எண். ஆறு நிறைந்துவிட்டால், கை ஓய்ந்திருப்பவர் புதிய வேலையை எடுக்கக் கூடாது. முடிவுக்கு மிக அருகில் நிற்கும் வேலையை எடுத்து, அது நகர உதவ வேண்டும். இதன் பின்னுள்ள கணக்கை ஜோன் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961இல் நிறுவினார்: வேலை வரும் வேகமும் முடியும் வேகமும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்போது, கையிலுள்ள வேலைகளின் எண்ணிக்கையை வாரமொன்றில் முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக எத்தனை வாரம் எடுக்கும் என்பது கிடைக்கும். 12 வேலைகள் கையில் இருந்து வாரத்துக்கு 3 முடிந்தால் ஒவ்வொன்றும் 4 வாரம் எடுக்கும். கையில் 6 மட்டும் இருந்தால், யாரும் ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக உழைக்காமலே அது 2 வாரமாகக் குறையும்.

எங்கள் ஊர்களில் இந்த எல்லையைக் காப்பதுதான் கடினம். வாடிக்கையாளர் பெரும்பாலும் உறவினராகவோ பள்ளித் தோழராகவோ இருப்பார். "தம்பி, இதையும் ஒருக்கா பாத்துத் தாங்க" என்று அவர் சொல்லும்போது மறுப்பதற்கு வாய் வராது. மறுக்கவும் வேண்டாம். பலகையைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பி, அவருடைய வேலைகளில் எதைப் பின்னால் வைத்தால் இதை எடுக்கலாம் என்று கேளுங்கள். வரிசையைத் தீர்மானிக்கும் உரிமை தன் கையில் இருப்பதைக் கண்டால் பெரும்பாலானவர்கள் பொறுமையாகவே தெரிவு செய்வார்கள்.

ஒரு வேலையின் பயணத்தை அளந்து பாருங்கள்

முடிந்த வேலை ஒன்றை எடுத்து, அது கேட்கப்பட்ட நேரத்திலிருந்து பாவனைக்கு வந்த நேரம் வரை ஒரு கோடு வரையுங்கள். உதாரணமாக, சம்மாந்துறையிலுள்ள ஓர் அரிசி ஆலை, நெல்லின் ஈரப்பதனுக்கு ஏற்ப எடையில் கழிக்கும் கணக்கைத் திரையில் சேர்க்கும்படி கேட்டதாக வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் 3 நாள் கிடந்த கோரிக்கையை ஒருவர் ஒரே நாளில் எழுதி முடிக்கிறார். அதை இன்னொருவர் சரிபார்க்க 4 நாள் காத்திருக்கிறது. ஆலை முதலாளி பார்த்துச் சொல்ல 6 நாள் போகிறது. நிறுவிக் கொடுக்க ஒரு நாள். மொத்தம் 15 நாளில் 13 நாள் வெறும் காத்திருப்பு. வேகமாகக் கோட் எழுதக்கூடிய இன்னொருவரைச் சேர்ப்பதால் இந்தப் பதின்மூன்றில் ஒரு நாளும் குறையாது. தினமும் காலையில் புதிய வேலைக்கு முன் சரிபார்ப்பை முடிப்பது, முதலாளிக்கு அன்று மாலையே கைபேசியில் திரையைக் காட்டுவது ஆகிய இரண்டுமே குறைக்கும்.

இதே ஆலைக்கு நேரில் போவதையும் லீன் முறையின் கட்டாயப் பகுதியாகவே நான் கருதுகிறேன். பெரும்போக அறுவடை நெல் வந்து இறங்கும் நாளொன்றில் தராசுக்குப் பக்கத்தில் சற்று நேரம் நில்லுங்கள். ஒருவர் மூடையை ஏற்றி எடையைக் கூவிச் சொல்வார். கணக்கப்பிள்ளை அதைக் கொப்பியில் எழுதி, சாக்கின் எடையைக் கழித்து, மாலையில் கணினியில் மறுபடி பதிவார். ஒரே எண்ணை இரண்டு முறை எழுதுவது ஏன் என்று பார்த்தால், உமித்தூசு படிந்த கையால் அவர் மவுஸைப் பிடிக்க விரும்புவதில்லை என்பதும், உங்கள் திரையில் ஒவ்வொரு மூடைக்கும் மவுஸைத் தொட வேண்டியிருப்பதும் தெரியவரும். என்டர் விசையை அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகும்படி மாற்றி, சாக்கின் எடையை ஒரு முறை மட்டும் கேட்டால் கொப்பிக்குத் தேவையே இராது. முதலாளி கேட்ட பத்து அறிக்கைகளைவிட இந்தச் சிறு மாற்றம் பெறுமதியானது; அவர் அறையில் இருந்துகொண்டு எழுதும் தேவைப் பட்டியலில் இது ஒருபோதும் வராது.

நூல் அறுந்தால் தறி நிற்க வேண்டும்

டொயோட்டாவை நிறுவிய டொயோடா குடும்பத்தின் தொடக்கத் தொழில் நெசவுத் தறி செய்வது. சகிச்சி டொயோடா 1924இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறி, நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும். அறுந்த நூலோடு நெய்துகொண்டே போனால் துணி என்னவாகும் என்பதை மருதமுனையின் நெசவாளர் எவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மென்பொருளில் இதற்கு ஈடாக, குழுவின் கோட் முழுவதையும் அதன் மாற்றங்களோடு சேமித்துவைக்கும் கிட் (Git) களஞ்சியத்துக்குக் கோட் வரும் ஒவ்வொரு முறையும் தானியங்கிப் பரிசோதனைகள் ஓடும்படி செய்யுங்கள். ஒன்று தவறினாலும் எல்லோரும் புதிய வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எல்லாவற்றுக்கும் பரிசோதனை எழுத நேரம் இல்லையென்றால், பணமும் எடையும் கணக்கிடப்படும் இடங்களுக்கு மட்டுமாவது எழுதுங்கள்.

முடிவுகளைத் தகவல் கையில் வரும்வரை தள்ளிவைப்பதும் இம்முறையின் ஒரு கொள்கை. இலங்கையில் பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 வீதமாகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 வீதமாகவும், 2024 ஜனவரியில் 18 வீதமாகவும் உயர்ந்தது. வரி வீதத்தை மென்பொருளின் கோட்டுக்குள்ளேயே எழுதிவைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் கடை கடையாகப் போய் மென்பொருளை மாற்ற வேண்டியிருக்கும்; அமலாகும் திகதியுடன் ஓர் அட்டவணையில் வைத்தவர்களுக்கு அதில் ஒரு பதிவு சேர்த்தால் போதும், பழைய பில்களும் குழம்பாது. நெல்லின் கொள்வனவு விலையையும் இப்படியே வையுங்கள். மாறக்கூடியது எது என்று தெரிந்த இடத்தில் மட்டும் இந்த நெகிழ்வு போதும். மாறக்கூடும் என்ற ஊகத்தில் எல்லாவற்றையும் அட்டவணையாக்குவது யாரும் கேட்காத வசதியில் சேர்ந்துவிடும்.

வெளியீடுகளைச் சிறிதாக வைத்து, வாரத்துக்கு ஒன்றாவது கொடுங்கள். ஆலைகளுக்கான மாற்றங்களை மட்டும் அறுவடை உச்சத்தில் நிறுவாமல், பெரும்போக நெல் வருவதற்கு முன் ஜனவரிக்குள்ளும் சிறுபோகத்துக்கு ஜூலைக்குள்ளும் முடித்துவிடுவது நல்லது.

ஒரு மாதம் கழித்து, முடிந்த ஒட்டுத்தாள்களில் வந்த திகதிக்கும் முடிந்த திகதிக்கும் இடையிலான நாட்களை எழுதிப் பாருங்கள். நாட்கள் குறைந்திருந்தால் ஆறு என்ற எல்லையை ஐந்தாக்கிப் பாருங்கள். ஒருவர் உண்மையிலேயே செய்ய ஒன்றும் இல்லாமல் நிற்கும் நிலை வந்தால் மீண்டும் ஆறாக்குங்கள். நாட்கள் குறையவில்லை என்றால் எந்தப் பத்தியில் தாள்கள் அதிகம் தேங்கி நிற்கின்றன என்று பார்த்து, அடுத்த மாதம் முழுவதும் அந்த ஒரு பத்தியை மட்டும் கவனியுங்கள்.