எண்டர் தட்டாதீர்கள், பொறுங்கள்!

ஜூமிலோ கூகுள் மீட்டிலோ கல்லூரி மாணவர்களுக்கு நேரலை வகுப்பு எடுப்பவர்களுக்குத் தெரியும்: "புரிந்ததா?" என்று கேட்டால் பதிலே வராது. அதற்குப் பதில் ஒரு கேள்வி கொடுங்கள். எல்லோரும் விடையைச் சாட்டில் தட்டச்சு செய்யட்டும். நீங்கள் சொல்லும்வரை யாரும் அனுப்பக் கூடாது. ஒரு நிமிடம் கழித்து "சரி, அனுப்புங்கள்" என்றால் விடைகள் மளமளவென்று வந்து விழும். முதல் ஆளைப் பார்த்துக் காப்பி அடிக்க வழியில்லை. கூச்சப்படுகிறவர்களும் கூட்டத்தோடு கூட்டமாக எழுதிவிடுவார்கள். தவறான விடை ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு, யார் எழுதியது என்று சொல்லாமல், அங்கிருந்தே பாடத்தைத் தொடரலாம்.

அப்புறம், பிரேக்கவுட் ரூம், அதாவது வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து அனுப்பும் தனி அறைகள். குழுவாகப் பிரிந்து போனதும் நீங்கள் பகிர்ந்த திரை பொதுவாக அவர்களுக்குத் தெரியாது. "என்ன கேட்டார்?" என்று விசாரிப்பதிலேயே நேரம் ஓடிவிடும். கேள்வியை ஒரு கூகுள் டாக்ஸில் போட்டு, இணைப்பை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். குழுக்கள் அதிலேயே விடை எழுதினால், எந்தக் குழு சும்மா இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

கேமராவைக் கட்டாயமாக்க வேண்டாம் என்பது என் கட்சி. டேட்டாவை அதிகம் தின்பது வீடியோதான். ஜூம் இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும், குழுவேலையை முதல் பாதியிலேயே வையுங்கள்.