பிளானட்டரி நெபுலா எவ்ளோ தூரம்னு கண்டுபிடிச்சு மேப் போடுறது எப்படி

ராத்திரி முட்டத்துல நின்னு கடலப் பாத்தா வள்ளத்து லைட்டு தெரியும்லா, அது சின்ன லைட்டு பக்கத்துல நிக்கா இல்ல பெரிய லைட்டு தூரத்துல நிக்கான்னு வெளிச்சத்த வச்சு சொல்லவே முடியாது. பிளானட்டரி நெபுலாவுலயும், அதாவது சாகப்போற ஸ்டார் ஊதித் தள்ளுன வாயுக் கூட்டுலயும், அதே எளவுதான்.

அதனால முதல்ல பேரலாக்ஸ், அதாவது நாம நகரும்போது பக்கத்துல உள்ளது பின்னால உள்ளத விட்டு விலகித் தெரியுற அளவு. கடல்ல போறவங்க கரையில உள்ள கோயில் கோபுரமும் பின்னால மலையும் எப்படி விலகுது ஒட்டுதுன்னு பாத்தே மீன் பாறைய பிடிப்பாங்க, இங்க வள்ளத்துக்குப் பதிலா பூமி சூரியனச் சுத்துது, அவ்ளோதான். ஸ்டார்களோட பேரலாக்ஸ அளந்த கையா சேட்டிலைட்டோட 2022 டேட்டா ஃப்ரீயாவே கிடைக்கும். நெபுலாவோட சென்ட்ரல் ஸ்டார எடுங்க, ஆனா நட்டநடுவுல இருக்குன்னு மட்டும் எடுத்துராதீங்க, நல்ல நீலமா இருக்கான்னு பாருங்க, குறுக்க வேற ஸ்டார் நிக்கும். 1000த்த மில்லி ஆர்க்செகண்டுல (டிகிரிய 36 லட்சமா உடைச்சதுல ஒண்ணு) உள்ள பேரலாக்ஸால வகுத்தா தூரம் பார்செக்ல (ஒண்ணு சுமார் 3.26 ஒளியாண்டு) வரும். ரிங் நெபுலாவுக்கு 1.27, அப்போ சுமார் 790 பார்செக், அதாவது 2,570 ஒளியாண்டு. பேரலாக்ஸ் அதோட எரர விட 5 மடங்காவது இல்லன்னா நம்பாதீங்க, மைனஸ்ல கூட வரும்.

அப்படி வந்தா ரெண்டாவது வழி. நெபுலா விரிய விரிய அதோட ஒவ்வொரு துண்டு பரப்பும் மங்கிட்டே போகும், அந்தப் பரப்பு வெளிச்சம் தூரத்தால மாறாது, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஹைட்ரஜன் விடுற சிவப்பு வெளிச்சமான ஹைட்ரஜன் ஆல்ஃபாவுல அத அளந்து, தூசி மறைச்சதுக்குத் திருத்தம் போட்டா நிஜ ரேடியஸ் கிடைக்கும், வானத்துல தெரியுற சைஸோட ஒப்பிட்டா தூரம். ஃப்ரூ, பார்க்கர், போயிசிச் 2016ல போட்ட ரிலேஷன் இது, 20–30 சதவீதம் முன்னபின்ன வரும்.

இனி மேப். பிஎன் ஜி நம்பர்லயே, அதாவது நெபுலாவோட கேட்டலாக் பேர்லயே, கேலக்டிக் கோஆர்டினேட் இருக்கு, ரிங் 063.1+13.9: முதல் நம்பர் கேலக்ஸி நடுவுல இருந்து எந்தத் திசைன்னு, ரெண்டாவது கேலக்ஸி தட்டுக்கு எத்தன டிகிரி மேல கீழன்னு. தூரத்த சைன் 13.9 டிகிரியால பெருக்குனா தட்டுக்கு மேல 190 பார்செக். எக்செல் கோணத்த டிகிரில இல்லாம ரேடியன்ல எடுத்துதான் கணக்குப் போடும், பாத்துக்கிடுங்க மக்கா, நான் அத மறந்து ரிங்க 768க்கு ஏத்தி வச்சு ஒரு ராத்திரி முழுக்க மண்டைய உடைச்சேன். ஹெலிக்ஸ் நெபுலா 036.1-57.1, சுமார் 200 பார்செக், அது கீழ 168 போகும்.

புள்ளி எல்லாம் வச்சப்புறம் கேலக்ஸி தட்ட ஒட்டி தூரத்துல காலியாத் தெரிஞ்சா அங்க நெபுலா இல்லன்னு எடுத்துக்காதீங்க, தூசி மறைச்சிருக்கும். அந்த இடத்த பென்சில்ல ஷேட் பண்ணி விட்டுருங்க.