கென்யாக்காரங்க பேரை எப்படி படிக்கறது

மாரத்தான் ரிசல்ட் எடுத்தா கிப்சோகே, கிப்டும், கிப்யெகோன்னு ஒரே மாதிரி பேரா வரும், அதுல யாரு என்னன்னு தெரியாம ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிடுவோம். ஆனா அந்தப் பேர்லயே நிறைய விஷயம் இருக்கு, கொஞ்சம் கவனிச்சா போதும்.

மொதல்ல பேரோட முன்பகுதிய பாருங்க. கிப்-னு வந்தா ஆண், செப்- இல்ல ஜெப்-னு வந்தா பெண், ரெண்டுமே கலெஞ்சின்ங்கற இனத்து ஆளுங்க, கென்யால எல்டோரெட், இட்டென் பக்கம் ரிஃப்ட் வேலி மேட்டு நிலத்துல இருக்கறவங்க, பேசறது நைலோடிக்ங்கற ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தோட தெற்குப் பிரிவு. பின்பகுதி பெரும்பாலும் பொறந்த நேரத்த சொல்லும். கிப்லகாட்னா ராத்திரி பொறந்த பையன், செப்லகாட்னா பொண்ணு. ஃபெய்த் செப்ஙெடிச் கிப்யெகோன்னு முழுப் பேர எடுத்துக்கோங்க, 2016, டோக்கியோ, 2024னு மூணு ஒலிம்பிக்ல 1500 மீட்டர் தங்கம் அடிச்சவங்க. செப்ஙெடிச்னா விடியக்காலைல மாடு மேய்ச்சலுக்கு கெளம்பற நேரத்துல பொறந்த பொண்ணு, அது அவங்க சொந்தப் பேர். கடைசில கிப்-னு இருக்கே, இவங்க பெண்ணாச்சேன்னு குழம்ப வேணாம், அது குடும்ப வழில வர்றது. அதே மாதிரி உகாண்டா ஓட்டக்காரர் ஜோஷுவா செப்டெகெய், செப்-னு இருந்தாலும் ஆண் தான். அதனால கடைசி பேர வெச்சு ஆணா பெண்ணான்னு முடிவு பண்ணாதீங்க. நடுவுல அரப்-னு இருந்தா 'இன்னாரோட மகன்', கென்யாவோட முன்னாள் ஜனாதிபதி டேனியல் அரப் மோய் மாதிரி.

அடுத்தது ஓ-வும் அ-வும். இது லுவோ மக்கள், கிசுமு, விக்டோரியா ஏரிக்கரை, மேற்கு நைலோடிக். ஒடியெனோ ராத்திரி பொறந்த பையன், அடியெனோ பொண்ணு. மழைல பொறந்தா ஒகோத், அகோத். ரெட்டைப் புள்ளைங்கள்ல மொதல்ல வந்தது ஒபியோ, அடுத்தது ஒடோங்கோ, பொண்ணா இருந்தா அபியோ, அடோங்கோ. பொறந்த நேரத்த பேரா வெக்கற பழக்கம் ரெண்டு பக்கமும் இருக்கு, ஆனா ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்கு சுத்தமா புரியாது, அவ்வளவு காலம் முன்னாடியே மொழி பிரிஞ்சிடுச்சு. இன்னொண்ணு, பக்கத்துல இருக்கற கிசீ மக்கள் பேரும் நிறைய ஓ-ல தான் ஆரம்பிக்கும், அவங்க பேசறது பாண்டுங்கற வேற மொழிக் குடும்பம், அதனால ஓ-ன்னதும் லுவோன்னு அடிச்சு சொல்லிடக்கூடாது.

எல்லாப் பேரும் இப்படி பிடி குடுக்காது. 2012 லண்டன்ல 800 மீட்டர 1:40.91ல ஓடின டேவிட் ருடிஷா மாசாய், அது கிழக்கு நைலோடிக், அந்தப் பேர்ல வெளியாளுக்கு ஒரு க்ளூவும் கிடைக்காது. பேர் நடுவுல ஒலே-னு இருந்தா மாசாயா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. தெற்கு சூடான் டிங்கா மக்கள்ல மாட்டு நிறமே பேரா வரும், அங்கத்த தலைவரா இருந்த ஜான் கராங் டி மபியோர் பேர்ல மபியோர்னா வெள்ளைக் காளை.

கென்யாக்காரர் யாரையாவது நேர்ல பாத்தா மட்டும் 'நீங்க லுவோ தானே'ன்னு எடுத்ததும் கேக்காதீங்க. 2007 டிசம்பர் தேர்தலுக்கு அப்புறம் நடந்த கலவரத்துல 1,000 பேருக்கு மேல செத்தாங்க, நிறைய பேர எந்த இனம்னு பாத்து தான் தாக்கினாங்க. உங்க பேருக்கு என்ன அர்த்தம்னு கேளுங்க, மிச்சத்த அவங்களே சொல்ற வரைக்கும் விட்டுடுங்க.